கொடியில் இரண்டு துண்டு

நூற்று நாற்பது படி. எல்லாம் இரும்பு. கிரேன்காரர் அதை எண்ணிக்கொண்டு ஏறுகிறவர் இல்லை. எண்ணுகிற வேலையை அவருடைய முழங்கால் பார்த்துக்கொள்ளும். நூறாவது படியில் இடது முழங்கால் ஒரு முனகல் முனகும். இன்னும் நாற்பதுதான் என்று அர்த்தம். மேலே போய்க் கூண்டுக் கதவைச் சாத்திவிட்டால் கீழே இருக்கிற ஊர் வேறு ஊராகிவிடும். சத்தமெல்லாம் பாதி ஏணியிலேயே களைத்துப்போய்த் திரும்பிவிடும். காலைப் புகைமூட்டத்தில் மொட்டை மாடிகள் ஒவ்வொன்றும் கட்டடத்தைவிட்டுக் கழன்று தனித்தனிப் படகாக நிற்கும். அவர் பாட்டுக்கு அந்தப் படகுகளுக்கு நடுவே கம்பிக்கட்டையும் கான்கிரீட் தொட்டியையும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

சீட்டுக்குப் பின்னால், தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு பைனாகுலர் தொங்கும். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு சர்வேயர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. மேலே கைபேசிக்கு அனுமதி இல்லை. போனில் பேசிக்கொண்டே ஒருவன் இரும்பு உத்திரத்தை நாலு பேர் தலைக்கு மேல் நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த நாளிலிருந்து எல்லாருடைய போனும் வாசலில் ஒரு மரப்பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. பைனாகுலரைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

கீழே நின்று கைகாட்டுகிற சிக்னல்காரனுக்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். வாக்கிடாக்கி இல்லாமலே அவன் குரல் மேலே எட்டும். இருந்தாலும் வாக்கிடாக்கியில்தான் கத்துவான்.

"அண்ணே, பறவை பாக்கிறீங்களாமே?"

"ஆமா."

"அது என்ன பறவைண்ணே, பத்து மணி டீக்கு மட்டும் வருது?"

"உனக்கு டீ ஆறிடும். போய்க் குடி."

பறவையெல்லாம் இல்லை. நேராக ஒரு மைல் தள்ளி, தபால் ஆபீசுக்குப் பின்னால், மூன்று மாடி வீட்டின் உச்சியில் அவர் குடியிருக்கும் ஒற்றை அறையும் அதற்கு முன்னால் இருந்த மொட்டை மாடியும்தான் அவர் பார்க்கிற பறவை. அங்கே ஒரு துணிக்கொடி. அதில் துண்டு.

அவர் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டுதான். வெள்ளை, நீலக் கரை. மனைவி துண்டு ஆலையில் மடிப்புப் பிரிவில் இருந்தவள். கரை கோணலாகிப்போனதைக் கட்டாகக் கட்டி வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அதனால் அவள் வீட்டில் ஒரு சட்டம்: குளித்தவர் துண்டைக் குளித்தவரே அலசிக் காயப்போட வேண்டும், யார் துண்டு யாருடையது என்ற சண்டை வேண்டாம். கிரேன்காரருடையது தோளில் ஏறி வேலைக்கு வந்துவிடும். ஆகவே பத்து மணிக்குக் கொடியில் இரண்டு துண்டு இருக்கும். ஒன்று மனைவியுடையது, ஒன்று மகளுடையது. இரண்டு துண்டு ஆடினால் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், குளித்தார்கள், வெயில் அடிக்கிறது. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சேதி வேண்டும்.

எட்டு மாதமாக ஒரு துண்டுதான்.

மகள் கிரேன் ஓட்ட வேண்டும் என்றாள். அவர் இஞ்சினியர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஆபீசில் ஃபேன் காற்றுக்குக் கீழே ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்து நேராகத் துறைமுகத்துக்குப் போய்க் கிரேன் பயிற்சி முற்றத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நான் ஏறி இறங்கினது பத்தாதா? நீ ஏறக்கூடாதுன்னுதானே நான் ஏறினேன்?"

"நீங்க ஏறினதைப் பாத்துத்தாம்பா எனக்கு ஆசையே வந்துச்சு."

பதில் இல்லாத மனிதன் வாயில்தான் வேண்டாத வார்த்தை வரும். "அப்படின்னா இந்த வீட்டுக் கொடியில இனி உன் துண்டுக்கு இடமில்ல" என்றார். அவள் மாடிக்குப் போய், ஈரத் துண்டை எடுத்து, அப்படியே ஈரமாகவே பையில் வைத்துக்கொண்டு போனாள்.

துறைமுகம் ஊரின் மறுகோடி. போனால் ஒரு மணி நேரம். அவர் போகவில்லை. மனைவி போனாளா என்று கேட்கவும் இல்லை. பத்து மணிக்குப் பைனாகுலரை எடுப்பார், ஒன்று என்று எண்ணுவார், மாட்டுவார்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். வாயில் எப்போதும் ஒரு சிரிப்பும் காதோரம் எப்போதும் ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் இருக்கும்.

"மாமா, அந்த பைனாகுலரை ரெண்டு நாள் குடுங்களேன்."

"எதுக்கு?"

"ஒரு வீட்டுக் கூரைச் சுவத்துல விரிசல் இருக்கான்னு கீழேருந்தே பாக்கணும். ஏணி போட்டா அந்த வீட்டுக்காரம்மா திட்டறாங்க."

இரவல் கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் மனைவி, "குடுங்களேன், உங்க பறவை ரெண்டு நாள்ல பறந்தா போயிடும்?" என்றாள். அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பைனாகுலர் திரும்பி வந்தது. போனதைவிடப் பளபளவென்று வந்தது. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் பத்து மணிக்குக் கொக்கியில் இருந்த பாரத்தை இறக்கிவிட்டுக் கூண்டில் சாய்ந்து பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். மாடிச் சுவர். கொடிக்கயிறு. துண்டு. துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு.

இரண்டு.

வெள்ளை, நீலக் கரை. வெள்ளை, நீலக் கரை. காற்று வந்தபோது இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒன்றாகத் தலையைச் சாய்த்தன. அவருக்குக் கண் மங்கிவிட்டது. கூண்டு லேசாக ஆடியது. காற்றுக்குக் கூண்டு எப்போதும் ஆடும், ஆனால் அன்று அது தொட்டிலாக ஆடியது. பாரமெல்லாம் இறக்கியாகிவிட்டது, இனித் தூக்க ஒன்றுமில்லை என்பது போல ஒரு நிம்மதி உள்ளங்கால்வரை இறங்கியது.

"சங்கு, வயிறு சரியில்லப்பா. நான் இறங்கறேன். மத்தியான ஆளை இப்பவே ஏத்திவிடு."

"பறவை ஏதாச்சும் குடுத்துச்சாண்ணே?"

நூற்று நாற்பது படியும் முழங்கால் வாயே திறக்கவில்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தார், ஓடினார், மறுபடி நடந்தார். வழியில் எல்லாரும் அவருக்கு வழிவிட்டு விலகுகிற மாதிரி இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம், "சாப்பிட்டியா" என்று கேட்டால் போதும் என்று முடிவு செய்தார். மூன்று மாடியும் ஏறினார்.

மனைவி வாசலில் உட்கார்ந்து கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல?"

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார். ஒரு துண்டு, கயிற்றின் நடுவில், தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"வயிறு சரியில்ல" என்றார்.

"வயிறா?" அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நோயே இல்லாத வயிற்றுக்கு அவர் ஒரு செம்பு வெந்நீரையும் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகுதான் மாடிச் சுவரோரம் நின்று, கழுத்தோடு வந்துவிட்ட பைனாகுலரை எடுத்துத் தூரத்தைப் பார்த்தார். தபால் ஆபீசுக்கு இரண்டு கடிகாரம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இரட்டைப் பிறவி. அவருடைய கிரேனே இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. சுவரும் கொடியும் படுக்கைவாட்டில் போவதால் அவை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. துண்டு மட்டும்தான் பிரிந்து இரண்டாகியிருக்கிறது. வேறெதையும் பார்க்காமல் ஓடிவந்த கண்ணைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

மச்சினன் மாலையில் பிடிபட்டான்.

"மாப்ளே, இது எங்க விழுந்துச்சு?"

"விழவே இல்லியே மாமா."

"விழாததுக்கு எதுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்ச?"

மச்சினன் காதோரச் சுண்ணாம்பைச் சொறிந்துகொண்டான். "கீறல் தெரியக்கூடாதேன்னுதான். நல்லாத்தானே இருக்கு? ரெண்டு கை ஓட்டினேன். சரி மாமா, ஏணியிலேருந்து விழுந்துச்சு. சரியா? நானே ரிப்பேர் பண்ணித் தந்துடறேன்."

"நீ பண்ணினது போதும். நானும் வர்றேன்."

சனிக்கிழமை இரண்டு பேரும் லென்ஸம்மாவிடம் போனார்கள். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப், சர்வே கருவி, கேமரா, கண்ணாடி வைத்த எதுவாக இருந்தாலும் பிரித்துப் பூட்டுகிறவள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. கீழேயிருந்து ரப்பர் வாசனை ஏறி வரும். மேசையில் பச்சைத் துணி, அதன்மேல் கடுகளவு திருகுகள் வரிசையாக. நெற்றிமேல் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்க, அவள் மூன்றாவது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பைனாகுலரை வாங்கிப் பார்க்கவில்லை. காதருகே வைத்து மெல்ல ஆட்டினாள். பிறகு ஜன்னல் வழியாகத் தூரத்துச் செங்கல்சூளைப் புகைபோக்கியைப் பார்த்தாள்.

"உள்ளே ரெண்டு பக்கமும் முக்கோணமாக் கண்ணாடிக் கட்டி இருக்கும். ஒரு பக்கத்துக் கட்டி நகர்ந்திருக்கு. இந்தக் கண்ணு ஒரு இடம் பாக்குது, அந்தக் கண்ணு வேற இடம் பாக்குது. யாரு இதுக்கு எனாமல் அடிச்சது?"

மச்சினன் புதிதாகப் பார்ப்பவன் போல உத்திரத்தைப் பார்த்தான்.

"ஏணியிலேருந்து விழுந்துச்சாம்மா" என்றார் கிரேன்காரர்.

"ஏணியா? அப்ப தூளாயிருக்கணும். இது இடுப்பு உயரந்தான்." திருகைக் கழற்றி, இரண்டு குழலும் சேருகிற கீலில் இருந்து ஊசிமுனையால் எதையோ வழித்துத் துணியில் தேய்த்தாள். "இதென்ன, கறுப்பா, பிசுபிசுன்னு?"

கிரேன்காரர் குனிந்து பார்த்தார். விரலில் தொட்டார். முகர்ந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய சட்டையிலும் நகக்கண்ணிலும் இருக்கிற வாசனை. வயர்க்கயிற்றுக்குப் போடுகிற கிரீஸ். அதில் துருத்தூள் கலந்திருந்தது; அவருடைய கிரேன் கயிற்றில் துரு கிடையாது.

"மாப்ளே" என்றார் மெதுவாக. "வெள்ளையடிக்கிற வீட்டுல வயர்க்கயிறு கிரீஸுக்கு என்ன வேலை?"

மச்சினனின் சிரிப்பு முதல்முறையாக இறங்கியது.

"அக்காதான் மாமா என்னைத் துறைமுகத்துக்கு அனுப்புனா. பக்கத்துல போகாத, தூரத்துலேருந்து பாத்துட்டு வா, இளைச்சிருக்காளா, ஏறும்போது பெல்ட் போடறாளான்னு மட்டும் பாத்துச் சொல்லுன்னா. நானும் வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். பாப்பா என்னைக் கண்டுபிடிச்சுட்டா. பின்னாடியே வந்து, 'யாரை மாமா வேவு பாக்கறீங்க?'ன்னு பைனாகுலர் கயித்தைப் பிடிச்சு இழுக்கறா. உங்க பைனாகுலர்னதும், 'அப்பாவுக்கு இது எதுக்கு?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"துண்டு எண்ணன்னு சொன்னேன்."

"உனக்கு யாரு சொன்னது?"

"அக்காவுக்குத் தெரியாததா மாமா? பத்து மணி ஆனா அவ துண்டை நடுக்கொடிக்கு நகர்த்திப் போடுவா, உங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னு."

கிரேன்காரர் எதிரே இருந்த மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதைச் சொன்னதும் அவ பைனாகுலரைக் கையில வாங்கி அப்படியே தடவிக்கிட்டு நின்னா. அப்பதான் நழுவிடுச்சு. என் கையில விழல மாமா, அவ கையிலதான். அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னா. அதான் ஏணி மேல பழியைப் போட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

மச்சினன் தயங்கினான். "கொடியில இடமிருக்கான்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல. உங்க வீட்டுக் கொடி."

கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்தார்கள். லென்ஸம்மா கேட்காதவள் போலக் கேட்டுக்கொண்டே கண்ணாடிக் கட்டியை ஒரு துணியில் வைத்தாள். "வியாழக்கிழமை வாங்க" என்றாள்.

கிரேன்காரர் போகவில்லை. கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். "அம்மா... அந்த ரெண்டாத் தெரியறதை அப்படியே விட்டுட முடியாதா?"

"தாராளமா விடலாம். தலைவலி வரும்." அவள் நெற்றிக் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சரி பண்ணிட்டுத்தான் தருவேன். அதுக்கு அப்புறமும் ரெண்டாத் தெரிஞ்சா, ஏதாவது ஒண்ணு அசையற வரைக்கும் காத்திருந்து பாருங்க. என் வேலைல கோளாறுன்னா ரெண்டும் சேர்ந்துதான் அசையும். ஒண்ணு மட்டும் அசைஞ்சா, அது நிஜமாவே ரெண்டு."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேராக மாடிக்குப் போனார். கொடிக்கயிறு நடுவில் தொய்ந்திருந்தது, இழுத்துக் கட்டினார். மனைவியின் துண்டைக் கயிற்றின் ஒரு பக்கமாக நகர்த்தினார். மற்ற பக்கத்தில், வெறும் கயிற்றில், இரண்டு கிளிப்பை மாட்டிவைத்தார். துணி இல்லாத கிளிப் இரண்டும் சிட்டுக்குருவி மாதிரி உட்கார்ந்திருந்தன. மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"அதுல என்ன காயப்போடப் போறீங்க?"

"ஒண்ணுமில்ல. கயிறு நீளமாத்தான் இருக்கு." கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "உன் தம்பிகிட்டச் சொல்லு. கேட்டவங்ககிட்டச் சொல்லச் சொல்லு. கயிறு நீளமாத்தான் இருக்குன்னு."

அவள் உள்ளே போனாள். உள்ளே பாத்திரங்களின் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

அந்த வாரம் பைனாகுலர் இல்லாமலே ஏறினார். பத்து மணிக்கு வெறும் கண்ணால் பார்த்தார். ஒரு மைல் தூரத்தில் வீடு ஒரு உப்புக்கல். அதன்மேல் என்ன ஆடுகிறது, எத்தனை ஆடுகிறது, ஒன்றும் தெரியாது. தெரியாததால் என்ன வேண்டுமானாலும் ஆடலாம். திங்கட்கிழமை அவர் அங்கே இரண்டு துண்டு ஆடவிட்டார். செவ்வாய்க்கிழமை அந்தக் கல்லைச் சுற்றி ஒரு கொடி நிறைய, ஊர் நிறைய வெள்ளைத் துண்டுகள். கொக்கியில் கான்கிரீட் தொட்டி சுற்றிக்கொண்டே மேகத்துக்குள் ஏறுவது போல இருந்தது. சங்கு கத்தினான். "அண்ணே, தூங்கிட்டீங்களா? நாலாவது மாடிண்ணே, நட்சத்திரத்துக்கு இல்ல!"

வியாழக்கிழமை பைனாகுலர் கைக்கு வந்தது. லென்ஸம்மா எனாமலையும் சுரண்டிப் போட்டிருந்தாள். பழைய கீறல்களோடு, பழைய முகத்தோடு வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணி. கிரேன்காரர் இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதலில் தபால் ஆபீஸ். ஒரு கடிகாரம். செங்கல்சூளைப் புகைபோக்கி. ஒன்று. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஒன்று, அதன் விளிம்பில் ஒரு காக்கை, அதுவும் ஒன்று. பிறகு பைனாகுலரை ஒரு விரற்கடை திருப்பினார்.

மாடிச் சுவர். கயிறு. ஒரு பக்கம் ஒரு துண்டு. மற்ற பக்கம் ஒரு துண்டு.

பைனாகுலரை இறக்கினார். கண்ணைத் துடைத்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று. மறுபடி கொடி. இரண்டு. அவர் ஏணியை நினைக்கவில்லை. போன தடவை ஓடியது போதும். மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருந்தார். காற்று வந்தது; இரண்டும் ஒன்றாகத் தலை சாய்த்தன. அன்றைக்கும் இப்படித்தான் சாய்ந்தன. காற்று போனது. காக்கை பறந்தது. கீழே சங்கு டீயை ஆற்றிக்கொண்டே கொட்டாவி விட்டது வாக்கிடாக்கியில் கேட்டது.

அறையிலிருந்து ஒரு கை நீண்டது. வலது பக்கத் துண்டை மட்டும் கிளிப்பிலிருந்து எடுத்து, உதறி, திருப்பிப் போட்டது. இடது பக்கத் துண்டு சும்மா இருந்தது.

பிறகு கைக்குச் சொந்தக்காரி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். வெயிலுக்குக் கறுத்திருந்தாள். சுவரோரம் வந்து நின்று, நேராகக் கிரேனைப் பார்த்தாள். ஒரு மைல் தூரத்தை அவள் பார்த்த பார்வையில் பைனாகுலர் எதற்கு என்று தோன்றியது. வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, சுட்டுவிரலை ஒரு பக்கமாகக் காட்டினாள். அவருக்கு அது ஆயிரம் தடவை பார்த்த கை. கிரேனின் கையை இந்தப் பக்கம் திருப்பு என்று அர்த்தம். அந்தப் பக்கம் வீடு.

கொக்கியில் பாரம் இல்லை. கீழே டீ நேரம், ஆள் இல்லை. அவர் சைரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு லீவரைத் தொட்டார். அத்தனை பெரிய இரும்புக்கை முனகாமல், நீரில் போகிற மாதிரி, மாடிகளுக்கு மேலே வெயிலைத் தடவிக்கொண்டு திரும்பியது. தபால் ஆபீசைத் தாண்டி அதன் முனை வீட்டுப் பக்கம் வந்ததும் மாடியில் இருந்தவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நிறுத்து.

நிறுத்தினார்.

"அண்ணே!" வாக்கிடாக்கி அலறியது. "நான் கையே காட்டலியே! யாரு திருப்பச் சொன்னது?"

கிரேன்காரர் பைனாகுலரை இறக்கவில்லை. "உன்னைவிட நல்லாக் கைகாட்டற ஆளு" என்றார். "நீ டீயைக் குடிடா."